நாற்பத்தெட்டு மணி நேரக் கட்டில் பயணம்

இந்தத் தடவையாவது ஹேசலை எனக்கே எனக்கென்று வைத்துக்கொள்வது என்று சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில், பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். வட இங்கிலாந்தில் எங்கள் ஊரான பார்ன்ஸ்லி பஸ் டிப்போவில் முப்பத்தெட்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். நான் எடுத்த முடிவுகள் ஒரு நிமிஷம்கூடத் தாமதமானதில்லை. நிறைவேறியதும் இல்லை, அது வேறு விஷயம்.

ஹேசல் என் மனைவி. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிற வேலையில் இருபத்தேழு வருஷம் இருந்தவள். ஒரே நேரத்தில் முந்நூறு பேரோடு பேசிப் பழகிய வாய். எனக்கோ பஸ்களோடுதான் பழக்கம். பஸ்கள் பதில் பேசாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்று வருஷத்தில் என்னோடு பேசுகிற ஆட்களைக் கணக்கெடுத்துப் பார்த்தேன். மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், பத்து நிமிஷம். அதிலும் எட்டு நிமிஷம் அம்மாவோடு. மீதி எல்லாம் ஹேசல்தான். எனக்கு இருப்பது ஒரே ஒருத்தி. அந்த ஒருத்திக்கோ ஊரே இருந்தது.

அதனால்தான் கப்பல். பதினான்கு நாள். சுற்றிலும் தண்ணீர். எங்கே போய்விடுவாள்?

முதல் ராத்திரியே போய்விட்டாள். சாப்பாட்டு அறையில் எட்டுப் பேர் உட்காரும் மேஜை. "ரெண்டு பேர் மேஜை கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"ஏன், உன் மூஞ்சியை நான் பார்த்ததே இல்லையா?" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் ராஸலிண்ட் என்று ஓர் அம்மாள். புருஷன் இறந்து இரண்டு வருஷம். தனியாக வந்திருந்தார். சூப் வருவதற்குள் இருவரும் தோழிகள். புட்டிங் வருவதற்குள் சகோதரிகள். காப்பி வந்தபோது என்னை யாரோ வெளியாள் போல இருவரும் சேர்ந்து பார்த்தார்கள்.

மறுநாள் திங்கள். நாள் முழுக்கக் கடல். காலை ஏழு மணிக்கே மேல்தளத்துக்குப் போய் இரண்டு சாய்வு நாற்காலிகளைப் பிடித்து, இரண்டிலும் துண்டு விரித்தேன். எங்கள் இங்கிலாந்து ஆட்கள் கப்பலில் கால் வைத்ததும் செய்கிற முதல் காரியம் இதுதான். ஒன்றில் நான் படுத்தேன். இன்னொன்றில் துண்டு படுத்திருந்தது.

"இங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"என் பொண்டாட்டி. இப்ப வந்துடுவா."

அரைமணி கழித்து இன்னொருவர். "இது காலியா?"

"என் பொண்டாட்டி. இதோ வந்துட்டே இருக்கா."

பன்னிரண்டு மணிக்கு முதலாமவரே திரும்பி வந்தார். துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, "மன்னிக்கணும், எனக்குத் தெரியாது. எப்ப தவறிப் போனாங்க?" என்றார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஹேசல் வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. லைன் டான்ஸ், பொது அறிவுப் போட்டி, கோரஸ் பாட்டு ஒத்திகை, அப்புறம் ராஸலிண்டோடு "சும்மா ஒரு வேலை."

"உனக்காக நாற்காலி பிடிச்சு வெச்சிருந்தேன்."

"அடப்பாவமே, கண்ணு! உன்னை யாரு பிடிக்கச் சொன்னது?"

பார்ன்ஸ்லியில் எல்லோரும் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். பால்காரனையும் அவள் கண்ணு என்பாள். இருந்தாலும் அந்தக் கண்ணு எனக்கு வந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கோட்டு சூட்டு விருந்து. ஆண்கள் கறுப்பு கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி முடிச்சு. பெண்கள் மினுமினு கவுன். ஹேசலுக்கு விருந்து, நடனம், ராஸலிண்ட் என்று ராத்திரி முழுக்க வேலை காத்திருந்தது. அப்போதுதான் எனக்கு யோசனை பளிச்சென்றது. போன வருஷம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, ஹேசல் பதினோரு நாள் கட்டிலை விட்டு நகரவில்லை. குறுக்கெழுத்துப் புதிரை வாசித்துக் காட்டினாள். ரொட்டியின் ஓரத்தை வெட்டிக் கொடுத்தாள். என் வாழ்க்கையின் மிக இன்பமான நாட்கள் அவை, தையல் போட்ட இடம் நீங்கலாக.

எனக்கு உடம்பு சரியில்லாமல் போக வேண்டும். அவ்வளவுதான்.

அவள் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு ஓங்கரித்தேன். நாடகத்தில் சேர்ந்திருக்க வேண்டியவன், டிப்போவில் வீணாகிவிட்டேன். தள்ளாடி வந்து கட்டிலில் விழுந்தேன்.

"என்னாச்சு ட்ரெவர்?"

"வாந்தி."

"எத்தனை தடவை?"

இரண்டு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு கௌரவமான எண். பேராசை யாரை விட்டது?

"ஆறு," என்றேன். அந்த ஆறு என்னை அடித்துக்கொண்டு போய்விட்டது.

ஹேசல் என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். சுருட்டியைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்காரப் போகிறாள் என்று நான் நகர்ந்து இடம் விட்டேன். அவள் என்னைத் தாண்டி எட்டி, போனை எடுத்தாள்.

"மருத்துவ அறைங்களா? என் வீட்டுக்காரருக்கு வாந்தி. ஆமாங்க. ஆறு தடவை. அவரே எண்ணியிருக்காரு."

கால்மணியில் நர்ஸ் வந்தார். முகமூடி, கையுறை, பிளாஸ்டிக் அங்கி. வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்ய வந்தவர் மாதிரி வாசலிலேயே நின்றார்.

"மிஸ்டர் பாக்ஷா, ரெண்டாயிரம் பேர் இருக்கிற கப்பல். ஒருத்தருக்கு வயித்துல தொத்துநோய் வந்தா நாளைக்கு நூறு பேருக்கு வரும். நாப்பத்தெட்டு மணி நேரம் நீங்க இந்த அறையை விட்டு வெளிய வரக் கூடாது. கதவைத் தாண்டக் கூடாது."

"என் மனைவி கூட இருப்பாளே," என்றேன் பலவீனமாக. பலவீனம் மட்டும் நிஜம்.

"ஐயோ, அவங்க இங்க இருக்கவே கூடாது. அவங்களைத்தான் முதல்ல காப்பாத்தணும்! மேல ஒரு அறை காலியா இருக்கு. பால்கனி அறை. அங்க மாத்திடறோம்."

பால்கனி அறை! பயணம் பதிவு செய்யும்போது, "தூங்கறதுக்கு எதுக்கு ஜன்னல்?" என்று கேட்டு, கப்பலின் வயிற்றுக்குள் ஜன்னலே இல்லாத அறையை எடுத்தவன் நான். ஹேசல் இரண்டு பெட்டியில் துணியை அள்ளினாள். டீத்தூள் பாக்கெட்டில் பாதியை எனக்கு விட்டுப்போனாள். அந்த விஷயத்தில் மட்டும் நியாயமானவள்.

"தைரியமா இரு கண்ணு," என்றாள். மினுமினு கவுன் தோளில் தொங்கியது. கதவு சாத்திக்கொண்டது.

மற்றவர்கள் கடல் பயணம் போனார்கள். நான் கட்டில் பயணம் போனேன். ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் எப்போதும் ராத்திரி, போட்டால் எப்போதும் பகல். வேளாவேளைக்கு யாரோ கதவைத் தட்டுவார்கள். திறந்தால் தரையில் தட்டு இருக்கும். தட்டியவர் வராந்தாவின் கோடியில் ஓடிக்கொண்டிருப்பார். தட்டில் வெறும் சோறு, வறண்ட ரொட்டி, ஓர் ஆப்பிள். எனக்கோ மாட்டை விழுங்குகிற பசி. பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்த வெண்ணெய் பிஸ்கட்டில் மிச்சமிருந்ததை எண்ணி எண்ணித் தின்றேன்.

கப்பலின் மேல்தளத்தில் ஒரு கேமரா உண்டு. அது காட்டுவது டிவியில் தெரியும். ஜன்னல் இல்லாதவர்களுக்கு அதுதான் ஜன்னல். திரைகடல் ஓடியவர்கள் எல்லோரும் திரையைத்தான் பார்க்கிறார்கள். நானும் திரையைத்தான் பார்த்தேன், ஒரு முழம் அகலத்தில்.

புதன்கிழமை நார்வேயில் ஓலசுந்து என்ற ஊர். காலையில் ஹேசல் போன் செய்தாள்.

"சாப்பிட்டியா?"

"ரொட்டி."

"வயித்துக்கு நல்லது. நாங்க மலை ஏறப் போறோம். நானூத்திச் சொச்சம் படி."

"நாங்கன்னா?"

"நானும் ராஸலிண்டும்."

"ஹேசல், இங்க ரொம்ப அமைதியா இருக்கு."

"உனக்குத்தான் அமைதி பிடிக்குமே, கண்ணு."

சாயங்காலம் கப்பல் புறப்படுகிற நேரம். டிவியைப் போட்டேன். மேல்தளத்தில் கூட்டம். எல்லோர் கையிலும் சின்னக் கொடி. சத்தம் கிடையாது, கேமராவுக்குக் கண் மட்டும்தான். வாயை வாயை அசைத்து எல்லோரும் பாடினார்கள். நடுவில் நீலச் சட்டையில் ஹேசல். கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் அவள் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. ஆடியிருக்க மாட்டாள் என்று இல்லை. ஒவ்வொரு விருந்திலும் ஒன்பது மணிக்கு, "கிளம்பலாமா?" என்று அவள் கோட்டை நீட்டிக்கொண்டு நின்றவன் நான்தான்.

திடீரென்று அவள் திரும்பி நேராகக் கேமராவைப் பார்த்தாள். கொடியை ஆட்டினாள். நான் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நானும் கையை ஆட்டினேன். டிவிக்கு. யாருமில்லாத அறையில், பைஜாமாவோடு, வெகுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தேன். அவள் எப்போதோ திரும்பிக்கொண்டுவிட்டாள்.

ராத்திரி, வெட்கத்தை விட்டு அவள் அறைக்குப் போன் செய்தேன். "கதவுக்கு வெளியிலயாவது வந்து நின்னு பேசேன்."

வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கதவில் கையை வைத்துக்கொண்டேன்.

"என்ன பேசணும்?" என்றாள்.

"படி எத்தனைன்னு சரியா எண்ணினியா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "ட்ரெவர், நீ நைட் ஷிஃப்ட் போன பதினாலு வருஷமும் நான் இப்படித்தான் சுவத்தோட பேசிட்டிருந்தேன், தெரியுமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள். "ராஸலிண்ட் காத்திட்டிருப்பா," என்றாள். காலடிச் சத்தம் போய்விட்டது.

வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கு நர்ஸ் வந்து விடுதலை கொடுத்தார். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு பால்கனி அறைக்கு ஓடினேன். ஹேசல் கம்பி ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே மலையிலிருந்து அருவி நேராகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. அப்படி ஒன்று வெளியே இருந்ததே எனக்குத் தெரியாது.

"ஹேசல், ஒண்ணு சொல்லணும். எனக்கு வாந்தியே வரலை."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஆறு தடவை வாந்தி எடுத்த வாயில பிஸ்கட் தூள் ஒட்டிட்டிருந்துச்சு."

"தெரிஞ்சுமா நர்ஸைக் கூப்பிட்டே?"

"நீதானே உடம்பு சரியில்லைன்னே? புருஷன் பேச்சை நம்பாம இருக்க முடியுமா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டாள். "நான் உன்னோட இருக்கணும்னுதான் செஞ்சேன்," என்றேன். "இனிமே இப்படிச் செய்ய மாட்டேன். டான்ஸுக்கு வரேன். கோரஸ்ல வாயை அசைக்கிறேன். அடுத்த வருஷமும் வரலாம். பால்கனி அறையே எடுக்கலாம்."

அவள் கண் கலங்கியது மாதிரி இருந்தது. அருவிச் சாரலாகவும் இருக்கலாம். மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். அடுத்த பயணத்தைக் கப்பலிலேயே பதிவு செய்கிற காகிதம். ஜனவரி மாதம், கேனரித் தீவுகள், மூன்று வாரம், பால்கனி அறை. சந்தோஷத்தில் காகிதத்தைக் கண்ணருகே தூக்கினேன். பெயர்களைப் படித்தேன். ஹேசல் பாக்ஷா. ராஸலிண்ட் மெரிவெதர்.

"தனியா போறவங்ககிட்டயும் ரெண்டு பேர் காசை வாங்கிடறாங்க, கண்ணு. அவ பாவம். நானும் சேர்ந்துட்டா அறையைப் பாதிப் பாதியா எடுத்துக்கலாம். உனக்கோ கடல் ஒத்துக்கலை. நர்ஸ் எழுதியே வெச்சுட்டாங்க. மூணு வாரம் உன் வயிறு தாங்குமா?"

"என் வயிறு நல்லாத்தானே இருக்கு!"

"அப்படின்னு நர்ஸ்கிட்ட போய்ச் சொல்லு. ரெண்டு நாள் கப்பலையே கலக்கினது சும்மா விளையாட்டுக்குன்னு சொல்லு."

நான் எங்கே சொல்வது? முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் கண் தானாகக் காகிதத்தின் மூலையில் தேதியைத் தேடியது. திங்கட்கிழமை. மாலை மூன்று இருபது.

"ஹேசல், இது திங்கட்கிழமை போட்டது. எனக்கு உடம்பு சரியில்லாம போனதே செவ்வாய்க்கிழமைதானே?"

அவள் என் கன்னத்தைத் தட்டினாள்.

"ஆமா கண்ணு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன். நல்லவேளை, நீயே வாந்தி எடுத்துட்டே."