ஊறல் அக்காவும் ஒரு பேசின் கௌப்பியும்

உலகத்து மனிதர்களை எங்கள் ஊறல் அக்கா இரண்டே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்: கௌப்பியை, அதாவது தட்டைப்பயற்றை, ஊறப்போட்டவர்கள், ஊறப்போடாதவர்கள். ருவான்வெல்லைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் பொழுது சாய்ந்தால் லயத்து வீட்டு வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து வீட்டுக்கு வீடு விசாரிப்பார். இல்லை என்று சொன்ன வீட்டோடு அன்று பேச்சு கிடையாது.

கௌப்பி, கடலை, பயறு எது வாங்கினாலும் முதலில் வெயில். பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடத்தில்தான் நல்ல வெயில் விழும் என்பதால், அவர் சாக்கு விரித்த நாளில் மேட்ச் ரத்து. காய்ந்து ஆறியதும் மிளகாய் வற்றலோடு போத்தலில் அடைப்பார். அப்புறம் போத்தலைக் காதோரம் வைத்துக் குலுக்கி, உள்ளே வண்டு நடமாட்டம் உண்டா என்று கேட்பார். தனியாள். இத்தனை போத்தல் யாருக்கு என்றால், "யாராச்சும் வந்தா?" என்பார். யாரும் வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி நான்தான் வாரம் தவறாமல் தின்று வந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவருக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை, முகமெல்லாம் வேர்வை. ஓடிப்போய் செல்வத்தின் த்ரீவீலைக் கூட்டி வந்து, நாங்கள் இரண்டு பேருமாக அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். வண்டி கிளம்பியதும் செல்வத்தின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"நிறுத்துடா. கௌப்பி ஊறுது."

"அக்கா, உங்க உசுரு போகுது."

"அது போகட்டும். இது நாறிப் போயிரும்."

கௌப்பி ஊறிய பேசின் அவர் மடியில் ஏறிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் தண்ணீர் தளும்பி எங்கள் இருவரையும் நனைத்தது. வலியில் முனகிக்கொண்டே செல்வத்தை மெதுவாக ஓட்டச் சொன்னார், பேசினுக்காக. ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் ஓடி வந்து, மடியில் பேசினைப் பார்த்ததும் வாந்தி என்று நினைத்துக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தவர் திடுக்கிட்டு, இவ்வளவுமா வந்தது என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா அந்த வலியிலும் அதே சிங்களத்தில், இன்னும் வேகவில்லை மிஸ், காலையில்தான் அவிக்கணும் என்றார்.

பித்தப்பையில் கல். மறுநாள் காலை ஆபரேஷன். தள்ளுவண்டியில் படுத்தவர் என் கையைப் பிடித்தார். பயந்துவிட்டார் என்று நினைத்துக் குனிந்தேன்.

"தண்ணிய வடிச்சி துணில கட்டி வையி. காயவிட்டுறாத. ஈரமா இருந்தா மொளச்சிரும்."

கதவு மூடிக்கொண்டது. வராந்தாவில் கௌப்பி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்; அடிக்கொரு தரம் எழுந்து குழாயில் நனைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிழைத்தார். வெளியே எடுத்த கற்களைச் சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் அச்சு அசல் கௌப்பிதான். "உள்ளயும் சேத்து வச்சிருக்காங்க" என்றான் செல்வம். கண் திறந்த அக்கா செய்த முதல் காரியம், அந்தப் போத்தலைக் காதோரம் வைத்துக் குலுக்கியது.

மூட்டையைப் பிரித்தேன். வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய், உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு அவித்து, அடுத்த நாள் வார்டுக்கு எடுத்து வந்தேன். இதெல்லாம் இப்போது ஆகாது என்று நேர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா ஒரே ஒரு கௌப்பியை மட்டும் வாங்கி, முன்பல்லால் கடித்துக் கண்ணை மூடினார்.

"உப்ப முந்திப் போட்டுட்ட. தோலு வெரைப்பா நிக்குது."

பிறகு மிச்சத்தைக் கட்டில் கட்டிலாகக் கொடுக்கச் சொன்னார். பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா ஒரு வாய் தின்று பார்த்து, யார் சமைத்தது என்று கேட்டார்.

"மகே நங்கி" என்றார் அக்கா. என் தங்கச்சி.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தபோது, ஆமாம் என்று தலையாட்டினேன்.