ஒரு வேன் நிறைய நற்பெயர்

"டீச்சர், இல்லாத பையனுக்கு எதுக்கு போராங் அனுப்புனீங்க?"

ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஷரபுதீன் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது, துளசி பள்ளிக் கேண்டீனில் ஒரு வாய் மீகூனை அப்போதுதான் உள்ளே தள்ளியிருந்தாள். பத்து காஜாவில் ஓர் இடைநிலைப் பள்ளியின் ஆலோசக ஆசிரியைக்கு எதையும் நிம்மதியாக மென்று தின்னும் பாக்கியம் கிடையாது. அப்படியே விழுங்கினாள்.

"இல்லாத பையனா? விக்னேஸ்வரன் என் முன்னாடிதான் நிக்கிறான் பாய்."

நிஜமாகவே நின்றான். யாரும் கேட்காமலே கேண்டீன் அக்காவின் மேசைகளைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கை சும்மா இருக்காது.

ஷரபுதீன் நடந்ததைச் சொன்னார். அந்தப் போராங்கில், அதாவது வேலை விண்ணப்பப் பாரத்தில், பையனைத் தெரிந்தவர்கள் என்று இரண்டு பேரின் எண்கள் இருந்தன. இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார். முடிதிருத்தும் கடை ராஜு, அப்படி ஒரு பையன் இங்கே கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டாராம். வடைக் கடை செல்லாயி இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் குடும்பம் ஜொகூருக்குப் போய் மூன்று வருடமாகிறது, அங்கே எந்தப் பக்கம் என்று தெரியாது என்று விலாவாரியாகச் சொல்லியிருக்கிறாள்.

"போட்டோ வேற மொட்டத் தலையா இருக்கு டீச்சர். ஊரு பத்து காஜான்னு போட்டிருக்கு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி."

பத்து காஜாவில் சிறைச்சாலை இருப்பது பேராக்கில் யாருக்குத்தான் தெரியாது? அது தைப்பூசத்துக்கு இறக்கிய முடி, அவனிடம் இருந்த ஒரே படம் அதுதான் என்று துளசி விளக்கினாள். தலைமுடி வளர்ந்து இப்போது சீப்பு நுழையாத அளவுக்கு இருக்கிறது என்றும் சொன்னாள். ஷரபுதீன் ம்ம் என்றார். ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கினாள்.

ஐந்தாம் படிவ மாணவர்களைப் பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் வேலைக்கு அனுப்பி, அவர்களுக்கு வேலைப் பழக்கமும் நல்ல பெயரும் வாங்கித் தருவது துளசியின் திட்டம். இந்த வருடம் பதினோரு பேர். பத்துப் பேருக்கு இடம் கிடைத்துவிட்டது. மிஞ்சியவன் விக்னேஸ்வரன். அவனுக்கு ஈப்போவில் ஒரு கல்லூரியில் சமையல் படிக்க ஆசை. அந்த விண்ணப்பத்தோடு ஒரு முதலாளியின் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். இன்றைக்குப் புதன். ஏற்கெனவே மூன்று கடைகள் கைவிரித்துவிட்டன. அதில் ஒன்று, போன வருடம் துளசி அனுப்பிய பையன் இரண்டாம் நாளே ஏப்ரனோடு காணாமல் போன கடை. ஷரபுதீனை விட்டால் வேறு ஆளில்லை.

இத்தனைக்கும், நம்மைத் தெரிந்தவர்கள் நம்மைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வதுதான் வேலை தேடுபவனின் சொத்து என்று இரண்டு பாடவேளை முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவள் அவள்.

பள்ளி முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு நேராக விக்னேஸ்வரன் குடியிருக்கும் தாமானுக்குப் போனாள். ரப்பர் தோட்டத்தை விற்றபோது அங்கிருந்த குடும்பங்கள் எல்லாம் மொத்தமாகக் குடிவந்த மலிவு விலை வீடுகள் அவை. வீட்டுக்கு வீடு வேலி போட்டிருந்தார்களே தவிர, ஒரு வீட்டு விஷயம் இன்னொரு வீட்டுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. வடைக் கடை முடிதிருத்தும் கடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு பேரையும் ஒரே இடத்தில் பிடித்தாள்.

"தெரியாத நம்பர் டீச்சர்," என்றார் ராஜு, ஒருவரின் கன்னத்தில் கத்தியை ஓட்டிக்கொண்டே. "பையன் எப்படி, யாரோட சேருவான், குடிப்பானா, கை நீளமான்னு கேக்குறாரு. நல்லதுக்குக் கேக்குற கேள்வியா இது?"

"வேலைக்குக் கேக்குறாங்கண்ணே. அப்படித்தான் கேப்பாங்க."

"போன மாசம் மண்டபத்துல நீங்கதானே சொன்னீங்க? தெரியாத நம்பர்லேர்ந்து யாராச்சும் கூப்பிட்டு விவரம் கேட்டா வாயத் தொறக்காதீங்க, வச்சிடுங்கன்னு. அதத்தான் செஞ்சேன்."

சொன்னாள்தான். தொலைபேசி மோசடி பற்றி ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டிச் சொன்னாள். பத்து வருடத்தில் முதல் முறையாக அவள் பேச்சைக் கேட்டு ஒருவர் நடந்திருக்கிறார், அதுவும் பார்த்து இந்த நேரத்தில்.

செல்லாயிக்கு வேறு காரணம் இருந்தது. தோட்டத்தில் யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வார்களாம். கேட்பவன் போலீசோ வேறு எவனோ, யார் கண்டது? பிடிக்காத ஆளாக இருந்தால்கூட யோசித்துச் சொல்லலாம். இவன் தங்கமான பையன்.

"கோயில் சாப்பாட்டுல அண்டாவத் தூக்குறது அவன். எழவு வீட்டுல கோப்பி கலக்குறது அவன். அவனப் போயி காட்டிக் குடுப்பனா?"

"இதத்தான் போன்ல சொல்லணும்க்கா. இதயேதான் அவர் கேக்குறாரு." துளசிக்குத் தலை வலித்தது. போகிற போக்கில், எத்தனை பேர் நல்லதாகச் சொல்கிறார்களோ அவ்வளவுக்கு நல்லது என்று ஒரு வார்த்தையும் எரிச்சலில் சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை மதியம் ஷரபுதீன் கூப்பிட்டார். குரல் மிகவும் நிதானமாக இருந்தது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"டீச்சர், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. அந்தப் பையன் உசுரோட இருக்கானா?"

பன்னிரண்டு மணியிலிருந்து பத்தொன்பது பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்தொன்பது பேரும் வார்த்தை பிசகாமல் ஒன்றையே வாசித்திருக்கிறார்கள். 'அன்னார் எல்லாரிடமும் இன்முகத்தோடு பழகியவர். அன்னார் ஆலயப் பணிகளில் தம்மை முழுமையாக அர்ப்பணித்தவர். அன்னாரின் எளிமையை நாம் என்றும் மறக்க இயலாது.' பதினோராவதாகக் கூப்பிட்ட ஓர் அம்மா நிறுத்தத் தெரியாமல், நல்லுடல் மூன்று மணிக்குப் புறப்படும் என்பது வரைக்கும் வாசித்துவிட்டாராம். இதற்கிடையே, கல்யாண வீட்டுக்குச் சாப்பாடு சொல்ல முயன்ற ஒரு வாடிக்கையாளர் லைன் கிடைக்காமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

விசாரித்ததில், கோயில் தலைவர் சதாசிவம்தான் அந்த வாசகத்தை எழுதி எல்லாருடைய கைப்பேசிக்கும் அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்தது. அவர் வாழ்நாளில் ஒரு மனிதரைப் புகழ்ந்து எழுதியது ஒரே ஒரு தடவை, அதுவும் முந்தைய தலைவர் காலமானபோது. அதையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிட்டார். ஒன்றும் குறை வைக்கவில்லையே டீச்சர் என்று அவளிடமே கேட்டார்.

துளசி நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி பேசினாள். இனிமேல் யாரும் போனைத் தொடக் கூடாது. நாளைக்கு ஒருவர், ஒரே ஒருவர், நேரில் போய் ஒரு கடிதத்தைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால் போதும். ஷரபுதீனிடமும் அப்படியே சொல்லிக் கெஞ்சி வைத்தாள். விக்னேஸ்வரனிடம், நான் கூப்பிடும் வரை அந்தக் கடைப் பக்கமே தலை காட்டாதே என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவன் சரிங்க டீச்சர் என்றான். ஒரு வருடமாக அவன் அவளிடம் பேசியதே அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஷரபுதீன் மறுபடியும் கூப்பிட்டார். "டீச்சர், வாங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். துளசி கல்லூரி விண்ணப்பப் பாரத்தைப் பையில் திணித்துக்கொண்டு ஈப்போவுக்கு ஓடினாள்.

ஒரே ஒருவர் என்று சொன்னது தாமானில் பெரிய தகராறாகிவிட்டிருந்தது. தலைவர் போனால் இளைஞர் மன்றத்துக்குக் கோபம். ராஜு போனால் செல்லாயிக்குக் கோபம், போனில் முதலில் பொய் சொன்னது அவர்தானே என்று. யாரையும் விட்டுவிட்டுப் போனதாகப் பேச்சு வரக் கூடாது என்று கடைசியில் எல்லாருமே கிளம்பிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்று, பின்னால் இரண்டு கார். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போக முடியுமா? ஆரஞ்சுப் பழம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு என்று ஐந்து தட்டு. அவர்கள் போய் இறங்கிய நேரம், பள்ளிவாசலில் தொழுகை முடிந்து கூட்டம் மொத்தமாகக் கடைக்குள் நுழைந்த நேரம். ஷரபுதீனின் ஆட்களில் இரண்டு பேர் அன்றைக்கென்று விடுப்பு.

துளசி உள்ளே நுழைந்தபோது ஐந்து தட்டும் கல்லாவின்மேல் இருந்தன. ஷரபுதீன் வியர்த்த சட்டைக்குமேல் ஒரு பொன்னாடையும் கையில் கரண்டியுமாக நின்றார். அவர் எதிரே சதாசிவம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். தாமானிலிருந்து இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். தொழுதுவிட்டு வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் வாசல் வரைக்கும் நின்றார்கள்.

அந்தக் களேபரத்துக்கு நடுவே தோளில் ஒரு துண்டோடு ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்தான். ஒரு கையில் நாலு தட்டு. தாமான்காரர்களைப் பின்பக்கம் மூன்று மேசையில் நெருக்கி உட்கார வைத்துவிட்டு, முன்மேசைகளை மளமளவென்று துடைத்து நின்றவர்களை உட்கார வைத்தான். தே தாரேக் யாருக்கு, சீனி குறைவாக யாருக்கு என்று ஒன்றும் எழுதாமல் உள்ளே குரல் கொடுத்தான். கறி கேட்டவருக்குக் கறி போனது, மீன் கேட்டவருக்கு மீன் போனது.

விக்னேஸ்வரன். தாமான்காரர்களைத் தடுக்கத்தான் மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்திருக்கிறான். வந்த இடத்தில் எச்சில் தட்டுகளைப் பார்த்துவிட்டான். அப்புறம் அவன் கையை யார் பிடிப்பது? துளசிக்கு அவனை அங்கேயே நாலு அறை விடலாம் போல இருந்தது.

ஷரபுதீன் அவளைக் கல்லாப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப் போனார்.

"மன்னிச்சிருங்க டீச்சர். உங்க பையன் எனக்கு வேணாம்."

"பாய், அவன் நல்ல பையன்."

"நல்ல பையன்தான், ஒத்துக்கிறேன். அதான் பயமா இருக்கு. நாளைக்கு அவன் ரெண்டு கிளாஸப் போட்டு ஒடைக்கிறான்னு வைங்க. நான் ஒரு வார்த்த திட்ட முடியுமா? மறுநாளே வேன் வந்து நிக்கும் லா."

அவளே ஒரு கடை வைத்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பாள். சுவர்க் கடிகாரம் மூன்றே முக்காலைத் தாண்டியிருந்தது. ஒரு வருடமாக அவள் சொல்லிக்கொடுத்த நற்பெயர், பையன் தலையில் கல்லாக விழுந்துவிட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷரபுதீன் கரண்டியால் கூட்டத்துக்குள் காட்டினார்.

"அந்தா, அவனப் பாருங்க. யாருன்னு தெரியல. இந்த நெரிசல்ல வந்தான், துண்ட எடுத்தான், வேலையப் பாக்குறான். ஒருத்தன் சிபாரிசு பண்ணல, ஒருத்தன் போன் பண்ணல. அந்த மாதிரி ஒருத்தன் உங்க ஸ்கூல்ல இருந்தா சொல்லுங்க, இப்பவே சைன் வைக்கிறேன்."

துளசி ஒரு கணம் நேர்மை பற்றித் தான் எடுத்த பாடங்களை எல்லாம் நினைத்துப் பார்த்தாள்.

"அவனையே எடுத்துக்குங்க பாய்," என்றாள். "அவனும் எங்க ஸ்கூல்தான்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பாரத்தை எடுத்து, பெயரும் மொட்டைத் தலையும் இருந்த முதல் பக்கத்தை அடியில் மடித்து, கையெழுத்துப் போடும் கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டினாள். ஷரபுதீன் கையைப் பொன்னாடையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கடை முத்திரையையும் ஓங்கிக் குத்தினார். துளசி அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிய பிறகுதான் மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. ஷரபுதீனின் நெற்றி சுருங்கியிருந்தது.

"உங்க ஸ்கூல்னா பத்து காஜா. இவங்களும் பத்து காஜா." அவர் பின்மேசைகளின் பக்கம் திரும்பினார். "ஐயா, ஒரு நிமிசம். இந்தப் பையன் உங்காளா?"

சதாசிவம் வாசிப்பதை நிறுத்தினார். இருபத்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். விக்னேஸ்வரன் கையில் நாலு தட்டோடு அப்படியே நின்றான். துளசி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். யாராவது ஒருவர் வாயைத் திறந்து அன்னார் என்றால் போதும், எல்லாம் முடிந்தது.

செல்லாயி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள். பையனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ முதலாளி, நாங்க பாத்ததே இல்ல."