லாந்தர் மார்க்குக்கு விசா

"மார்க்குக்கும் விசா வேணுமா?" என்று கேட்டார் மில் முதலாளி நெய்னா முகம்மது.

துபாயிலிருந்து வந்த ஃபாக்ஸ் தாள் மேஜையில் நிற்காமல் சுருண்டு சுருண்டு உருண்டது. சந்தானகிருஷ்ணன் அதை விரித்து, ஒரு பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் டப்பாவையும் மறுபக்கம் தன் டிபன் பாக்ஸையும் வைத்து மூன்றாவது முறையாகப் படித்தார். மூன்று முறையும் அது ஒரே விஷயத்தைத்தான் சொன்னது.

"லாந்தர் மார்க்கை அங்க ஏற்கெனவே ஒருத்தர் பதிஞ்சுட்டாராம் பாய். ஒரு அரபி பேரு போட்டிருக்கு. அதுவும் அரிசிக்குத்தான். நம்ம அப்ளிகேஷனைத் தள்ளிட்டாங்க."

"மெட்ராஸ்ல நாமதானே பதிஞ்சிருக்கோம்? சர்டிபிகேட் மாட்டியிருக்கே!"

சர்டிபிகேட் சுவரில் மாட்டியிருந்தது. நெல் அவிக்கும் ஆவி பட்டு மஞ்சளாகியிருந்தது.

"அது இந்தியாவுக்கு மட்டும். ஒவ்வொரு நாட்டுலயும் தனித்தனியாப் பதியணும்."

"ஒரே லாந்தர்தானேங்க? கப்பல் ஏறினா அணைஞ்சு போயிடுமா?"

கூத்தாநல்லூர் மில்லில் சந்தானகிருஷ்ணன் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறார். தினமும் குடவாசலிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். லோடு ஏற்றுகிறவர்களிலிருந்து முதலாளி வரை எல்லாருக்கும் அவர் கணக்கு சார். முதலாளி மகன் சித்தீக் அரைக்கால் சட்டையோடு மில்லில் ஓடித் திரிந்த நாளிலும் அப்படித்தான் கூப்பிட்டான். இன்றும் அப்படித்தான். தபாலில் எப்போதாவது தன் முழுப் பெயரைப் பார்த்தால், வேறு ஊரில் வேறு மாதிரி வாழ்கிற யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரிப்பது போல அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இந்த இரண்டு வருஷமாக மில்லில் பாதி நாள் அரவை இல்லை. மன்னார்குடிப் பக்கம் புது மெஷின் போட்ட மில்கள் வந்துவிட்டன. அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்துவிட்ட பிறகு, துபாய் வியாபாரி ஒருவர் மாதம் ஒரு கண்டெய்னர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, லாந்தர் மார்க் துபாயில் இவர்கள் வசம் பதிவாகியிருக்க வேண்டும்.

நெய்னா முகம்மது அந்தக் கண்டெய்னரில் அரிசியோடு தன் மகனையும் ஏற்றி வைத்திருந்தார். எதிர்த் திசையில்.

"மார்க் கைக்கு வந்தா சித்தீக் ஊருக்கு வந்துடலாம். அஞ்சு வருஷமா எவன் கடையிலயோ கைகட்டி நிக்கிறான். இந்த நாற்காலியில வந்து உக்காரட்டும். நான் எந்திரிச்சுக்கிறேன்."

"சித்தீக்கையே விசாரிக்கச் சொல்லலாமே பாய். துபாய்லயே இருக்கானே."

"வேணாம், வேணாம். அவனுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டுட்டுக் கோர்ட்டு வாசல்ல போய் நிப்பான். விசாவுக்கு ஆபத்து. அங்க இருக்கிற புள்ளைக்கு இங்கத்தக் கவலை எதுக்கு?"

அது அவர் வீட்டு வழக்கம் மட்டுமல்ல, ஊர் வழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மில்லுக்கு போன் வரும். நெய்னா முகம்மது எழுந்து நின்று பேசுவார்.

"நல்லா இருக்கியாப்பா?"

"நல்லா இருக்கேன் அத்தா. அங்க?"

"நல்லா இருக்கோம்."

கால்களில் நீர் கோத்து அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் இதே மூன்று வரிதான். ஊருக்கும் துபாய்க்கும் நடுவில் இருக்கிற அத்தனை கடலையும் இந்த மூன்று வரியால் மூடிவிடலாம் என்று எல்லாரும் நம்பினார்கள்.

மார்க் பதிவு பார்க்கும் மெட்ராஸ் ஏஜென்ட் ரகுராமன் போனில் வழி சொன்னார். அந்த அரபியின் பதிவை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். அதற்கு துபாய் வக்கீலுக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மன்னார்குடி நோட்டரி, மெட்ராஸ், டெல்லி, தூதரகம் என்று நான்கு இடத்தில் முத்திரை வாங்க வேண்டும். பவர் நான்கு மாதம் ஊர் சுற்றியது. திரும்பி வந்தபோது எழுத்தைவிட முத்திரை அதிகமாக இருந்தது. ஒரு முத்திரை சரியாக நெய்னா முகம்மதுவின் பெயர் மேலேயே விழுந்திருந்தது.

"பேரு தெரியலைன்னு துபாய்ல திருப்பிட்டாங்க" என்றார் ரகுராமன். "அதோட இன்னொண்ணு. சர்டிபிகேட்ல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல அப்பா பேரோட சேர்ந்து நீளமா ஒரு பேரு. ரெண்டும் ஒரே ஆள்தானான்னு கேக்குறாங்க."

இரண்டு பேரும் ஒருவரே என்று அபிடவிட் தயாரானது. அதை அரபியில் மொழிபெயர்த்தவர் பாட்டனார் பெயரையும் சேர்த்துவிட்டார்.

"இப்ப நான் மூணு பேரா?"

"இன்னொரு அபிடவிட் போட்டா ஒருத்தர்தான் பாய்."

"அந்த அபிடவிட்ல கையெழுத்து யாரு போடுவா? மூணு பேருமா?"

சந்தானகிருஷ்ணனுக்குக் கண் எரிந்தது. அப்போதுதான் ரகுராமன் அந்த யோசனையைச் சொன்னார். எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர் இருக்கிற, நம்பிக்கையான ஒரு ஆள் பெயருக்கு மார்க்கை மாற்றி, அவர் பெயரில் வழக்குப் போடலாம்.

நெய்னா முகம்மது கணக்கு சாரைப் பார்த்தார். அவரிடம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் ரேஷன் கார்டும் இருந்தன. அமெரிக்காவில் இருக்கும் மகள் மதுவந்தியின் பிரசவத்துக்காக எடுத்து, போகாமலே விட்ட பாஸ்போர்ட்டும் இருந்தது. மூன்றிலும் ஒரே பெயர்.

"பாய், நான் சொல்றதைக் கேளுங்க. நிலச் சீலிங் சட்டம் வந்தப்ப எங்க குடும்பத்து நிலத்தைக் கணக்குப்பிள்ளை பேருலயும் மாட்டுக்காரர் பேருலயும்தான் எழுதி வச்சாங்க."

"திரும்பி வந்துச்சா?"

"ஒரு மா நிலம் கூட வரலை."

"நீங்க அப்படி இல்லை" என்றார் நெய்னா முகம்மது. துபாய் வழக்கில் லாந்தர் மார்க்கின் சொந்தக்காரர் குடவாசல் சந்தானகிருஷ்ணன் ஆனார்.

வக்கீல் அடுத்து சாட்சி கேட்டார். இவர்களுடைய அரிசி முன்பே துபாயில் புழங்கியது என்று காட்ட வேண்டும்.

அது சுலபம் என்று நினைத்தார்கள். கூத்தாநல்லூரிலிருந்து வளைகுடாவுக்குப் புறப்படுகிற எவரும் மில் வழியாகத்தான் போவார்கள். லாந்தர் அச்சடித்த துணிப்பையில் ஐந்து கிலோ அரிசி போட்டு நெய்னா முகம்மது கையில் கொடுத்து அனுப்புவார். சந்தானகிருஷ்ணன் வீடு வீடாகப் போய் நாற்பத்தோரு கடிதம் வாங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் டீ கொடுத்தார்கள். இருபதாவது டீக்குப் பிறகு அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

வக்கீல் ஃபாக்ஸ் அனுப்பினார். சும்மா கொடுத்தது வியாபாரம் ஆகாதாம்.

"அப்ப காசு வாங்கினதா எழுதிடலாம் பாய்."

நெய்னா முகம்மதுவின் முகம் சிவந்தது. "பயணம் போற புள்ளைக்கிட்ட அஞ்சு கிலோ அரிசிக்குக் காசு வாங்கினேன்னு நானே எழுதி முத்திரை போட்டு அனுப்பணுமா? மனுஷன் ஊர்ல நடமாட வேணாமா?"

"சித்தீக் ஊருக்கு வர வேணாமா?"

கையெழுத்துப் போட்டார். காசு கொடுத்ததாகக் கடிதத்தை மாற்றி வாங்க நாற்பத்தோரு வீட்டுக்கும் மறுபடி போய், மறுபடி நாற்பத்தோரு டீ குடித்தார் சந்தானகிருஷ்ணன். அடுத்த வாரம் பஹ்ரைனுக்குப் புறப்பட்ட பையன் ஒருவன் மில்லுக்கு வந்து, பையை வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி மேஜையில் ஐம்பது ரூபாயை வைத்தான்.

"என்னப்பா இது?"

"இப்ப காசு வாங்குறீங்களாமே மாமா. ஊர்ல சொன்னாங்க."

நெய்னா முகம்மது இரண்டு நாள் கணக்கு சாரோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தௌபீக் லீவில் வந்தான். துபாயில் டிரைவராக இருக்கும் உள்ளூர்ப் பையன். கடை ஒன்றில் பார்த்ததாக ஒரு பை அரிசி கொண்டுவந்து மேஜையில் வைத்தான். பையில் அதே லாந்தர். அதே கம்பி, அதே கண்ணாடி, அதே சாய்ந்த சுடர்.

"கடைக்காரன் யாரு?"

"நான் போனப்ப வேலைக்கு நிக்கிற ஒரு பட்டாணியர் மட்டும்தான் இருந்தார் மாமா. போர்டுல அரபி பேரு."

அந்த அரிசியை மில்லிலேயே சோறாக வடித்தார்கள். நெய்னா முகம்மது ஒரு வாய் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"நம்ம அரிசி இல்லை. ஆனா நல்ல அரிசி. திருட்டுப் பயலுக்கு ருசி தெரிஞ்சிருக்கு" என்றவர், இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார்.

எதிர்த்தரப்பின் பதில் அரபியில் வந்தது. ரகுராமன் நகலை அப்படியே அனுப்பிவிட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"படிச்சிடுவேன். அர்த்தம் கேக்காதீங்க. இது கோர்ட்டு அரபி."

அவருக்கு அருமையான குரல். இழுத்து நிறுத்தி அவர் படிக்கப் படிக்க, மூட்டை தூக்குகிறவர்கள் வாசலில் வந்து கூடினார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் முடித்ததும் மூட்டைக்காரர்களில் ஒருவனான கலந்தர் சத்தமாக "ஆமீன்" என்றான். மற்றவர்களும் சொன்னார்கள். சந்தானகிருஷ்ணனும் கையைக் கூப்பினார்.

மறுநாள் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வந்தது. அதில் இப்படி இருந்தது. "சந்தானகிருஷ்ணன் என்பவர் ஒரு மோசடிக்காரர். அவருக்கும் இந்த மார்க்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதன் உண்மையான சொந்தக்காரர் இந்தியாவில் வேறொருவர்."

"இதுக்கா ஆமீன் சொன்னானுங்க!" என்றார் நெய்னா முகம்மது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா கணக்கு சார், அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"விவரமான ஆளு பாய்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே போனார் சந்தானகிருஷ்ணன். நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம், தான் பார்த்தேயிராத ஒரு நகரத்தில், தான் பார்த்தேயிராத ஒருவன் தன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்க விசித்திரமாக இருந்தது. அந்தப் பெயரை யாரோ ஒருவராவது முழுசாகச் சொல்கிறார்களே என்றும் ஒரு கணம் தோன்றியது. உடனே வெட்கப்பட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் ஒரு வரி கூடியது.

"அத்தா, மில்லுல ஒண்ணும் பிரச்சினை இல்லியே?"

"ஒண்ணுமில்லப்பா. உனக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தா."

போனை வைத்துவிட்டு நெய்னா முகம்மது சொன்னார், "புள்ளைக்கு வேலை ஜாஸ்தி. குரல் இளைச்சுப் போச்சு. சீக்கிரம் முடிங்க கணக்கு சார்."

சந்தானகிருஷ்ணன் முடித்தார். மார்க்கைத் தன் பெயருக்கு மாற்றிய பத்திரத்துக்கு நான்கு ஊர் முத்திரையும் வாங்கி அனுப்பினார். கடையில் இருக்கும் சரக்கைப் பிடிக்கச் சொல்லி ஒரு மனு தட்டினார். அவர் வாழ்க்கையிலேயே எழுதிய மிகக் கடுமையான இங்கிலீஷ் அது. 'ஈவிரக்கமின்றி' என்ற பொருளில் வரும் ஒரு சொல்லுக்காக அகராதியை இரண்டு முறை புரட்டினார்.

விசாரணை நாளன்று எதிர்த்தரப்பு வரவேயில்லை. வக்கீலுக்குக் கொடுக்க அவர்களிடம் பணம் தீர்ந்துவிட்டதாம். பதிவு ரத்தானது. லாந்தர் சந்தானகிருஷ்ணன் பெயருக்கு வந்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள்.

நெய்னா முகம்மது ஃபாக்ஸ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சந்தோஷப்படுவதற்குக்கூட இரண்டு பேரிடமும் தெம்பு இல்லை.

"வீட்டுல இன்னும் சொல்லலை. அவனை வரவழைச்சப்புறம் எல்லாருக்கும் ஒண்ணாச் சொல்லிக்கலாம்" என்றார். ஒரு இனிப்புப் பொட்டலத்தை நீட்டினார். "தம்ரூட். பஸ்ஸுக்குப் போற வழியில வீட்டுல கொடுத்துட்டுப் போங்க. என்ன விசேஷம்னு கேட்டா, சும்மா கொடுத்தாங்கன்னு சொல்லுங்க."

வீட்டுக் கதவைச் சித்தீக்கின் மனைவி ஹுமைரா பாதி திறந்தாள். கண் வீங்கியிருந்தது. பொட்டலத்தை வாங்கினாள். என்ன விசேஷம் என்று கேட்கவில்லை.

"கணக்கு சார், ஒரு உதவி செய்யணும். மாமாவுக்குத் தெரியக் கூடாது."

"சொல்லும்மா."

"துபாய் கோர்ட்டுக்கு இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதணும். உங்களை மாதிரி யாராலும் எழுத முடியாதுன்னு மாமா சொல்வாங்க."

"கோர்ட்டுக்கா? எதுக்கும்மா?"

அவள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

"மாமாகிட்ட சொல்லாம துபாய்ல அவங்க வேலையை விட்டுட்டு ஒரு அரபி ஸ்பான்சர் பேருல அரிசிக் கடை போட்டு, நம்ம லாந்தரை வேற எவனும் பிடிச்சுக்கக் கூடாதுன்னு முதல்லயே பதிஞ்சும் வச்சிருந்தாங்க சார், அதைக் குடவாசல்காரன் ஒருத்தன், சந்தானகிருஷ்ணனாம், பொய்க் கேஸ் போட்டு சீல் வச்சுட்டான், உங்க ஊருதானே, அந்தப் படுபாவியை உங்களுக்குத் தெரியுமா?"