பெட்டிக்கு நூறு சதவீத வருகை

பல்கலைக்கழக இணையத்தில் நுழையும் ஒவ்வொருவரும் தத்தம் பெயரில், தத்தம் கடவுச்சொல்லைப் போட்டு மட்டுமே நுழைய வேண்டும் என்பது விதி. நல்ல விதி. வக்கீலின் கேம் கன்சோலுக்குத்தான் ஒரு சின்னச் சங்கடம். அதற்குப் பெயரும் இல்லை, கடவுச்சொல் போடும் பக்கத்தைத் திறக்க வழியும் இல்லை.

வக்கீல் நிஜ வக்கீல் அல்ல. கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். தொட்டதற்கெல்லாம் மல்லுக்கு நிற்கிறான் என்று விடுதி வைத்த பெயர் அது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கால்பந்து கேம் போட்டிக்கு அவன்தான் தேர்வாகியிருந்தான். இரண்டு வருட ஆசை. ஆட்டத்துக்கு மூன்றே வாரம். பழகுவதற்கு அந்தக் கன்சோல் பெட்டிக்கு இணையம் வேண்டும்.

கணினி மையக் கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே விசாரித்தார்.

"உள்ள வர்றது யாரு தம்பி?"

"என் பெட்டி சார்."

"அப்ப பெட்டிக்குத்தான் லாகின் வேணும்."

"என் லாகின்லயே விட்டுடுங்க சார்."

"அது ஆள்மாறாட்டம்."

"அது ஆளே இல்லையே சார்!"

"அதத்தான் நானும் சொல்றேன். முதல்ல ஆளாக்கிக் கூட்டிட்டு வாங்க."

லாகின் மாணவர்களுக்கு மட்டுமே உண்டு. ஆகவே பெட்டி மாணவராவதைத் தவிர வேறு மார்க்கமில்லை. சேர்க்கைப் பிரிவில் படிவம் வாங்கினான். தந்தை பெயர் என்ற கட்டத்தில் தயாரித்த கம்பெனியை எழுதினான். "இனிஷியல் எங்கே?" என்று திருப்பி அனுப்பினார்கள். போட்டோவில் இரண்டு காதும் தெரியவில்லை என்று இன்னொரு முறை திருப்பினார்கள். பல்கலைக்கழக மருத்துவர் பெட்டியின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "மூச்சு சீரா இருக்கு. தூசிதான் கொஞ்சம் சேர்ந்திருக்கு, பாத்துக்கோங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கையில் ஆணை வந்தது. 'மேற்படி பெட்டியானது இன்று முதல் மாணவராகக் கருதப்படும்.' பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வக்கீல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அதே வேகத்தில் போட்டிக்குத் தன் பெயரை உறுதிசெய்ய விளையாட்டுப் பிரிவுக்கு ஓடினான்.

அங்கிருந்த எழுத்தர் கணினியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க வருகை அறுபத்தொண்ணு. எழுபத்தஞ்சு இருந்தாத்தான் ஆட முடியும்."

"ரெண்டரை வாரமா உங்க ஆபீஸ்கள்லதானய்யா தவம் கிடந்தேன்!"

"கிடந்ததுக்கெல்லாம் வருகை கிடையாது. லாகின்ல இருந்தாத்தான். பெட்டியப் பாருங்க, சேர்ந்ததுலேருந்து ஒரு நிமிஷம் வெளிய போகல. நூறு சதவீதம். அது ஆடட்டும்."

"அதுக்குக் கையே இல்லய்யா!"

"கை இருக்கணும்னு விதியில எங்கயும் போடல."

போட்டி நாளன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு நாற்காலியில் வக்கீலின் பெட்டி. எதிர் நாற்காலியிலும் ஒரு பெட்டி. அந்தப் பல்கலைக்கழகத்திலும் விதி இருக்காதா என்ன? விசில் ஊதினார்கள். இரண்டு பெட்டிகளும் கம்மென்று இருந்தன. திரையில் இருபத்திரண்டு பேர் மரம் மாதிரி நின்றார்கள். வக்கீல் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கட்டைவிரல்களைப் பிசைந்துகொண்டிருந்தான். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இரு தரப்பிலும் ஒரு தவறுகூட நிகழாத ஒழுக்கமான ஆட்டம் என்று நடுவர் பாராட்ட, துணைவேந்தர் கோப்பையை இரு பெட்டிகளின் சார்பிலும் கணினி மையக் கண்காணிப்பாளர் கையில் கொடுத்தார்.

அரங்கத்தில் ஒரு கைதட்டல்கூட இல்லை.

துணைவேந்தர் முகம் சுருங்கியது. எழுத்தர் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். "கைதட்டும் மாணவர்களுக்கு ஒருநாள் வருகை வழங்கப்படும்."

கூரை பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்குச் சத்தம். அதுவரை கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்று தட்டினார்கள். எல்லோரும் ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் முன்வரிசையில் வக்கீல் மட்டும் உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டே எழுத்தரைக் கூப்பிட்டான்.

"சார், நான் இன்னும் நிறுத்தல. எனக்கு ரெண்டு நாளா போட்டுக்குங்க சார்!"