ஆறு ஸ்பீக்கர், ஐந்து முடிச்சு

அனுப்பர்பாளையம்,
5.10.2006

வெள்ளகோவிலில் இருக்கும் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சரவணக்குமார் அவர்களுக்கு, மாமனார் ஆறுச்சாமி எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் சித்ரகலாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயுத பூஜையன்று எங்கள் கம்பெனி நிட்டிங் ஹாலில், ஸ்பீக்கர் ஒயரில் நான் போட்டிருந்த ஐந்து முடிச்சுகளையும் என்னைக் கேட்காமல் கட்டிங் பிளேயரால் வெட்டினீர்கள். நாற்பது பேர் பார்க்க வெட்டினீர்கள். இது தவறு.

அந்தத் தவறால் வந்தது என்ன? பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை பெருமாநல்லூரில் ஒரு கல்யாண வரவேற்பில் உங்கள் கொழுந்தியாள் தமிழ்மதிக்கு முதல் கச்சேரி. அவளுடைய கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் இணைக்க உங்களைத்தான் கூப்பிடப் போகிறாளாம். "அப்பா, நீங்க சாப்பாட்டுக்கு வந்தாப் போதுமுங்க" என்கிறாள். பெற்ற மகளின் கச்சேரிக்கு நான் பந்தியில் உட்காரும் ஆளாகிவிட்டேன்.

ஸ்பீக்கரின் மின்தடைக் கணக்கான ஓம் எனக்கு எப்படிப் புரிந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பிளேயரை எடுத்திருக்க மாட்டீர்கள். மைக் செட் மருதாசலம் ஒருநாள், "எட்டு ஓம் ஸ்பீக்கர் ரெண்டப் பக்கத்துல பக்கத்துல குடுத்தா நாலு ஓம் ஆயிருமுங்க, பொட்டி சூடாயிருமுங்க" என்றார். எட்டும் எட்டும் எப்படி நாலாகும் என்று அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருடமாக நிட்டிங் மெஷினுக்கு ஃபிட்டராக இருக்கிறேன். நாற்பதாம் கவுண்ட் நூல் இரண்டைச் சேர்த்து ஓட்டினால் அது இருபதாம் கவுண்ட். எண் குறையும், நூல் தடிக்கும், ஊசி உடையும். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஓம் என்பது கவுண்ட். இதற்கு உங்களுடையதைப் போல டிப்ளமோ தேவைப்படவில்லை. அடுத்து, ஒரு கோன் நூல் தீர்வதற்கு முன்பே அதன் வாலில் அடுத்த கோனின் தலையை முடிந்து வைப்பது எங்கள் வழக்கம். இரண்டு கோனை முடிந்தாலும் நாற்பதாம் கவுண்ட் நாற்பதுதான், ஆறு கோனை முடிந்தாலும் நாற்பதுதான். முடிச்சால் கவுண்ட் மாறும் என்று சொல்கிற ஆளை எங்கள் ஹாலில் மெஷின் பக்கம் விட மாட்டோம்.

பூஜையன்று ஹாலில் தமிழ்மதி வாசிப்பதாக ஏற்பாடு. அவளுடைய ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கரை எலி கடித்துவிட்டது. பெட்டியின் முதுகில் எட்டு ஓம் என்று போட்டிருக்கிறது. ஹால் தொண்ணூறு அடி நீளம். ஆகவே மருதாசலத்திடம் எட்டு ஓம் ஸ்பீக்கர் ஆறு வாங்கி, மெஷினுக்கு ஒன்றாக வைத்து, ஒன்றின் வாலை அடுத்ததன் தலையில் முடிந்துகொண்டே போனேன். "ஏனுங்க, ஆறையுமா?" என்றார் மருதாசலம். "ஆறையும்" என்றேன். அவர் பொரி வாங்கப் போய்விட்டார்.

ஈரோட்டு மெல்லிசைக் குழு வைத்திருக்கும் மணியன், தமிழ்மதி வாசிப்பதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, குழுவில் கிட்டாருக்கு இடம் கொடுப்பதாக வந்திருந்தார். அவரை ஐந்தாவது ஸ்பீக்கர் அருகே மரியாதையாக உட்கார வைத்தேன். தமிழ்மதி வாசித்தாள். அவள் விரல் போவதை எல்லோரும் பார்த்தோம். பொரி மெல்லும் சத்தம் நன்றாகக் கேட்டது. மதுரைப் பக்கத்து சூப்பர்வைசர் காசிமாயன், "என்னண்ணே, பொட்டிக்கு இன்னைக்கு மௌன விரதமா?" என்றான். கூட்டம் அமைதியாக இருந்தால் கேட்கும் என்றேன். அமைதியானார்கள். ஃபேன் சத்தம் கேட்டது. ஃபேனை நிறுத்தச் சொன்னேன். பக்கத்துக் கம்பெனியில் போட்ட பாட்டு கேட்டது. மணியன் எழுந்து ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "விரல் நல்லாத்தான் போகுதுங்க. சத்தத்த ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்று சொல்லி, ஈரோட்டுக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று விசாரித்தார். தமிழ்மதிக்குக் கண் கலங்கியது. அதை நானும் பார்த்தேன், மாப்பிள்ளை. பார்க்காமல் இல்லை. ஏழாவதாக ஒரு ஸ்பீக்கர் வாங்கிவர ஆள் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். "மாமா, ஒண்ணு பின்னால ஒண்ணாக் குடுத்தா ஓம் கூடிருமுங்க. ஆறெட்டு நாப்பத்தெட்டுங்க. பொட்டி எங்கிருந்துங்க தள்ளும்?" என்றீர்கள். "முடிச்சு கவுண்ட்ட மாத்தாதுங்க மாப்ள" என்று நானும் பொறுமையாகத்தான் சொன்னேன். வெட்டினீர்கள். ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் பெட்டியில் மாட்டினீர்கள். சத்தம் வந்தது. சாமிக்கு முன்னால் வைத்த சுண்டல் தட்டு நகர்ந்தது. மணியன் உட்கார்ந்தார், வெள்ளிக்கிழமைக் கச்சேரியில் இடமும் கொடுத்தார். நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் தமிழ்மதிக்கு விரல் சூடேறியிருந்தது என்பதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. "மாப்பிள்ளை வந்தாரு, சத்தம் வந்துச்சு" என்று காசிமாயன் டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறான்.

ஆகவே செய்ய வேண்டியவை: வெள்ளிக்கிழமை மில்லில் வேலை இருக்கிறது, வர முடியாது என்று நீங்கள் தமிழ்மதிக்குப் போன் செய்ய வேண்டும். முடிச்சு சரியாகத்தான் இருந்தது என்று காசிமாயனிடமும் சொல்ல வேண்டும். அப்பாவை ஒதுக்கக் கூடாது என்று சித்ரகலா தங்கைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மருதாசலம் ஆறு ஸ்பீக்கரையும் மண்டபத்துக்கு அனுப்ப வேண்டும். முடிச்சுப் போடுவது நான்.

உங்கள் குடும்பம் எல்லா நலமும் பெற்று விளங்க எங்கள் இருவரின் ஆசிகள். அத்தை முறுக்கு கொடுத்தனுப்புகிறாள். அதற்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை.

இப்படிக்கு,
ஆறுச்சாமி

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன், உங்கள் கட்சியையும் கேட்பதுதான் நியாயம் என்று மருதாசலத்தின் மீட்டரை வாங்கி அளந்தேன். ஒரு ஸ்பீக்கருக்கு ஏழு காட்டியது. மீட்டரில் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டுமாம். இரண்டை முடிந்தால் பதினான்கு. ஆறை முடிந்தால் நாற்பத்திரண்டு. முடிச்சுகளை அவிழ்த்து, இறுக்கிப் போட்டு அளந்தேன். கம்பெனி எலக்ட்ரீஷியனிடம் வேறு மீட்டர் வாங்கியும் அளந்தேன். இரண்டு மீட்டரும் பேசி வைத்துக்கொண்டிருக்க வழியில்லை. நூலைப் பற்றி நான் எழுதியதில் ஓர் எழுத்தும் மாறாது. ஒயர் நூல் அல்ல என்று யாராவது முன்னமே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். மருதாசலம் ஒரே ஒரு ஸ்பீக்கர் தர வேண்டும். அதை இணைக்க வேண்டியது நீங்கள். வாசிக்க வேண்டியது தமிழ்மதி. இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்து அடுப்பில் போட வேண்டியது சித்ரகலா. பெட்டியை மேடைக்குத் தூக்கி வந்து, கச்சேரி முடியும் வரை அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டியது நான். இதைத் தமிழ்மதியிடம் சொல்ல வேண்டியது நீங்கள். என் பேரைச் சொல்லாமல், உங்கள் யோசனை என்றே சொல்ல வேண்டும்.