ரோமாபுரி ரெக்கார்டு

"பிலோமி, இங்க இருந்த மாதா பாட்டு ரெக்கார்டு எங்க?"

அம்புரோஸ் கேட்ட குரலில், வீட்டில் தீப்பிடித்துவிட்டதோ என்று அடுப்படியில் இருந்து அவர் மனைவி பிலோமி எட்டிப் பார்த்தாள். கையில் பாதி ஆய்ந்த சங்கரா மீன்.

"மைக்செட்டு ஸ்டானிஸ்லாஸாண்ட குட்த்தேன். இன்னிக்கி கோயில்ல கொடியேத்தம் இல்ல? போடறதுக்கு நல்ல பாட்டா ஒண்ணும் இல்லன்னு சாமி சொன்னாராம். நம்ம வூட்ல சும்மாத்தானே கீதுன்னு குட்த்தேன். ஏன், தப்பா?"

தப்பா என்றால், அதைவிடப் பெரிய தப்பு அன்றைக்கு ராயபுரத்தில் வேறெதுவும் நடக்கவில்லை. அந்த மாதா பாட்டு அட்டைக்குள் இருந்தது மாதா பாட்டு இல்லை.

அம்புரோஸ் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்ப்பது வேலை. ரெக்கார்டு சேர்ப்பது பைத்தியம். சினிமாப் பாட்டு, கச்சேரி என்று நாலு பேரைப் போலச் சேர்த்தாலாவது தேவலை. இவருக்கு வேண்டியது வெளிநாட்டு டெலிவிஷனில் வரும் மர்மத் தொடர்களின் பின்னணி இசை. மெட்ராஸுக்கு டெலிவிஷன் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று பேப்பரில் மட்டும் வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு தொடரைக்கூட மனிதர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் இசையைக் கேட்டே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவேன் என்பார். பொய் என்று யார் நிரூபிப்பது?

அதிலும் ஒரிஜினல்தான் வேண்டும். தொடருக்காகவே வாசித்தார்கள் அல்லவா, அதே வாத்தியக்காரர்கள் வாசித்த ரெக்கார்டுதான் ஒரிஜினல். அது பிரபலமான பிறகு வேறு ஏதாவது கோஷ்டி அதே மெட்டை வாசித்து வெளியிட்டால் அது டூப்பு. டூப்பைக் கண்டால் அம்புரோஸ் அழுகின இறாலைக் கண்ட மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

போன வாரம் ஒரு கப்பல் சமையல்காரன் அவரிடம் ஒரு ரெக்கார்டைக் கொடுத்தான். அட்டையில் பாதி திறந்த கதவு, கதவிடுக்கில் ஒரு கை. அம்புரோஸ் தேடாத இடமில்லை, கேட்காத கப்பலில்லை. ஒரிஜினல்தான் என்று சமையல்காரன் நெஞ்சில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தான். பதிலுக்கு மாமியார் சிலுவையம்மாள் காத்திவாக்கத்தில் இருந்து அனுப்பிய இறால் ஊறுகாய் இரண்டு ஜாடியும் கப்பலேறிவிட்டது.

ஆனால் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கடைசியாக ஒரு ரெக்கார்டைப் போட்டபோது, அதில் வந்த காலடிச் சத்தத்தைக் கேட்டு மாமியார் நண்டுக் குழம்புச் சட்டியைக் கீழே போட்டுவிட்டாள். அன்றைக்கே பிலோமி சொல்லிவிட்டாள்: "இன்னொரு பேய் ரெக்கார்டு இந்த வாசப்படி ஏறுச்சின்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்." அதனால்தான் புது ரெக்கார்டு மாதா அட்டைக்குள் புகுந்தது. கை போட்ட அட்டை ஆபீஸ் அலமாரியில். மாதா பாட்டு பேப்பரில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால்.

இன்னும் அவர் அதைப் போட்டுக்கூடக் கேட்கவில்லை. வீட்டு பிளேயரின் முள் தேய்ந்திருந்தது. தேய்ந்த முள்ளை அதன் மேல் வைப்பதா? யானைக்கவுனிக் கடையில் சொல்லி வைத்து, இன்றுதான் புது முள் வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பறந்து வந்திருந்தார்.

ஸ்டானிஸ்லாஸின் முள் ஊரறிந்த விஷயம். கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே முள். அது ரெக்கார்டைப் பாட வைக்காது, உழும். ஒரு தடவை ஓடினால் ரெக்கார்டு காலி.

அம்புரோஸ் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

கொடிமரத்தடியில் மேசை போட்டு, ஸ்டானிஸ்லாஸ் அந்த ரெக்கார்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமு, கவர்ல மாதா கீறாங்க. உள்ள பாத்தா இங்கிலீஷ்ல எழுதிக்கீது. நடுவுல ஒரு கை வேற கீது. இன்னா ரெக்கார்டு இது?"

உண்மையைச் சொன்னால் மீன் வேகிறதுக்குள் பிலோமி காதுக்குப் போய்விடும். அம்புரோஸ் ரெக்கார்டுக்குக் கையை நீட்டினார்.

"அது வந்து, ரோமாபுரி ரெக்கார்டு. கப்பல்ல வந்துது. கண்ட எடத்துல போடக் கூடாது. குடு, நான் எட்த்துகினு போறேன்."

"கை இன்னாத்துக்கு?"

"அது ஆசீர்வாதம் பண்ற கை."

ஆசீர்வாதம் பண்ற கை என்று தெருமுனை விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த மைக்செட்டுக் குழாய் திருப்பிச் சொன்னது. அம்புரோஸ் மேசையைப் பார்த்தார். மைக் ஆனில் இருந்தது.

தெருவில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கோயிலை ஒட்டித் தான் தங்கும் அறை வீட்டில் இருந்து பங்குச் சாமியார் சூசைநாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏம்ப்பா அம்புரோஸ், இவ்வளவு பெரிய பொக்கிஷத்தை வீட்டுல வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"தோத்திரம் சாமி. இல்ல சாமி, அது வந்து..."

"சர்வேசுரன் செயல்ப்பா இது. இன்னிக்குக் கொடியேத்த வர்றது யாரு? அருள்பிரகாசம் சாமி. இதே தெருவுல பிறந்து, ரோமாபுரியில பத்து வருஷம் இருந்துட்டு வந்தவரு. கொடி ஏறும்போது இதையே போடுவோம். இது இன்ன இசைன்னு அவரே ஜனங்களுக்கு விளக்கம் சொல்லட்டும்."

ரெக்கார்டு போகப் போகிறது. கூடவே மானமும் போகப் போகிறது. மானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ரெக்கார்டு என்று முடிவு செய்தார். சாமியார் நகர்ந்ததும் பையில் இருந்த புது முள்ளை எடுத்து ஸ்டானிஸ்லாஸிடம் கெஞ்சினார்.

"டேய், இந்த ஒரு ரெக்கார்டுக்கு மட்டும் இந்த முள்ளப் போடுடா."

"இது நம்ம மிசினுக்கு சேராது மாமு."

"சேருதான்னு பாரேன்."

"கொஞ்சம் அமுக்குனா சேரும்."

அமுக்கினான். டிக் என்று ஒரு சத்தம். புது முள் இரண்டாகி மேசையில் கிடந்தது.

"நம்ம பழைய முள்ளே கெட்டி மாமு," என்றான் ஸ்டானிஸ்லாஸ், சந்தோஷமாக.

போனால் போகிறது, பிலோமி காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அம்புரோஸ் வீட்டுக்குத் திரும்பினார். அவள் பட்டுப்புடவையில் நின்றாள். பக்கத்தில் மாமியார், சேதி கேட்டுக் காத்திவாக்கத்தில் இருந்து கிடைத்த லாரியில் ஏறி வந்திருந்தாள்.

"மாப்ள, உங்களப் போயி பேய் ரெக்கார்டு வாங்குற ஆளுன்னு இத்தினி நாளா திட்டிகினு இருந்தேனே. என் நாக்குல புண்ணு வெக்க."

"எங்கையில கூட சொல்லாம மாதா அட்டைல வெச்சி காப்பாத்திகினு இருந்துக்கீது பாரும்மா," என்றாள் பிலோமி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாந்தான் இந்த மனுசன சரியா புரிஞ்சிக்கல."

கல்யாணம் ஆன நாளாக அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அம்புரோஸுக்கு அது பிடித்தும் இருந்தது. அங்கேதான் வந்தது வினை. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த உண்மையான மாதா பாட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மறுபடி கோயிலுக்கு ஓடினார். மாற்றி வைத்துவிட்டால் தீர்ந்தது. மாதா பாட்டு ஒலிக்கும், அதுதான் ரோமாபுரிப் பாட்டு என்று சாதித்துக்கொள்ளலாம்.

ஆனால் ரெக்கார்டு இப்போது ஸ்டானிஸ்லாஸின் மேசையில் இல்லை. தனியாக ஒரு முக்காலியில், மல்லிகைச் சரம் சுற்றி, மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவத்திச் சூட்டில் ரெக்கார்டு அப்பளமாகிவிடுமே என்று பதறி அம்புரோஸ் கையை நீட்டினார். பின்னாலேயே வந்துவிட்ட மாமியார் அந்தக் கையைப் பிடித்தாள்.

"ஜெபத்துக்கு நடுவுல தொடக் கூடாது மாப்ள. முட்டி போடுங்க."

முட்டி போட்டார். சட்டைக்குள் ரெக்கார்டு இருந்ததால் குனிய முடியவில்லை. எல்லோரும் தலை குனிந்திருக்க, அவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஒரு பக்தி என்று கோயில் பள்ளிக்கூடத்து ஐரீன் டீச்சர் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

வெயில் தாழ்ந்ததும் அருள்பிரகாசம் சாமி வந்தார். வெள்ளைத் தாடி, தங்க ஃபிரேம் கண்ணாடி, பேசினால் அட்சர சுத்தமான தமிழ். கோயில் முன்னால் எள் போட்டால் எண்ணெய் ஆகும் கூட்டம். பூவை உள்ளே வைத்து மடித்த கொடியை மந்திரித்துக் கயிற்றில் கட்டினார்கள். மாமியார் முண்டியடித்துப் போய், முக்காலியில் இருந்த மல்லிகைச் சரத்தையும் கொடியோடு சேர்த்துச் சுற்றிவிட்டு வந்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வின்ச் பிடிக்கிற இரண்டு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் முள்ளை வைத்தான்.

கர்ர்ர் என்று ஒரு சத்தம். அம்புரோஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

தும். தும். தும். ஊரெல்லாம் கட்டியிருந்த குழாய்களில் அடிவயிற்றில் இருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு எங்கோ கதவு கிறீச்சிட்டது. அதன் மேல் தனியாக, சில்லென்று ஒரு விசில். அம்புரோஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆகா, இந்த விசில் ஒன்று போதுமே, ஒரிஜினல் என்று சொல்ல. தன் நிலைமையை மறந்து மனிதர் தாளம் போட ஆரம்பித்தார்.

கொடி ஏறியது. உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

மல்லிகைச் சரம் கப்பியில் சிக்கிக்கொண்டுவிட்டது. வின்ச்காரர்கள் இழுத்தார்கள். அசையவில்லை. கொடியேற்றத்தில் கொடி நின்றால் அந்த வருஷம் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆகாது என்பார்கள். அந்த நேரம் பார்த்து வயலின்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஏற ஆரம்பித்தன. இன்னும் இழுத்தார்கள். வயலின்கள் இன்னும் ஏறின. யாரோ நடந்து வருகிற காலடி. கயிறு முறுக்கிக்கொண்டது. காலடி நின்றது. எல்லாம் நின்றது.

குழாயில் இருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது. திடுக்கிட்டுப் போன வின்ச்காரர்கள் கயிற்றோடு பின்னால் சாய, சரம் அறுந்து கொடி உச்சிக்குப் போய் விரிந்து, பூ அத்தனையும் ஜனங்கள் தலையில் கொட்டியது.

"சாத்தான் ஓடுறான்," என்று கத்தினாள் மாமியார் சிலுவையம்மாள். "கேட்டீங்களா, அலறிகினு ஓடுறான்."

கூட்டம் மொத்தமும் அழுதது, சிரித்தது, முட்டி போட்டது. சூசைநாதர் சாமி மைக்கை அருள்பிரகாசம் சாமியிடம் நீட்டினார். அம்புரோஸின் தாளம் நின்றுபோனது. பிலோமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பிடி இன்னும் ஒரு நிமிஷம்தான், அப்புறம் காத்திவாக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"அன்பார்ந்த இறைமக்களே," என்று தொடங்கினார் அருள்பிரகாசம் சாமி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ரோமாபுரியில் நான் வாழ்ந்த காலத்தில், இந்த இசையை வியாழக்கிழமைதோறும் மாலையில் தவறாது கேட்டிருக்கிறேன். எங்கள் மடத்துக் குருக்கள் அனைவரும் ஒரே அறையில், ஒரு பெட்டியின் முன்னே கூடிவிடுவோம். முடியும் வரை ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம். எவ்வளவு மறைத்தாலும் பாவம் கடைசியில் வெளிப்பட்டே தீரும் என்பதே இது கற்பிக்கும் பாடம்."

ஆமென் என்றது கூட்டம். அம்புரோஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பித்தோம் என்பது மட்டும் புரிந்தது. பிலோமி கையை விடவில்லை.

ஆனால் ஸ்டானிஸ்லாஸ் ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. மீன் நறுக்குகிற பலகை மாதிரி கீறல். எத்தனை வருஷத் தேடல். இனி இந்த ஜென்மத்தில் கிடைக்குமா? ரெக்கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு விசும்பினார். அவர் பக்தியைப் பார்த்து நாலு பெண்களும் சேர்ந்து விசும்பினார்கள்.

ஜனங்களை ஆசீர்வதித்துக்கொண்டே வந்த அருள்பிரகாசம் சாமி அவர் முன்னால் நின்றார். அம்புரோஸ் முட்டி போட்டார். சாமி குனிந்து, நெற்றியில் சிலுவை வரைந்து, காதோரமாக, தெருவில் வளர்ந்த பழைய குரலில் சொன்னார்:

"அழாத நைனா, இது டூப்பு, ஒர்ஜினல்ல இந்த விசிலே கெடையாது, அது எங்கையில பத்திரமா கீது."