ஒரு ஸ்க்ரூவுக்காகத் தலையாட்டினேன்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவின் கணவன், கண்ணாடிக் கடைக்காரன், எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா சுகம். அளவுக்கு மீறிய சுகம். நான் சுகமாக இல்லை. அங்கே நீயும் உன் மனைவியும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் அடுத்தவன் வீட்டில் நெருப்பு வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை. போனிலேயே பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்கா அடுத்த அறையிலிருந்தபடியே வரிக்கு வரி திருத்தம் சொல்வாள். அதனால்தான் கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லாம் நீ போன தடவை வந்தபோது ஆரம்பித்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உன் முகத்தில் ஏதோ குறைகிறது என்று எனக்குப் பட்டது. தொழில்காரன் கண் அல்லவா. நீ பள்ளிக்கூடப் பையனாக இருந்ததிலிருந்து நான் போட்டுக் கொடுத்து, நீ உடைத்து, மறுபடி நான் போட்டுக் கொடுத்த அந்தக் கண்ணாடியைக் காணோம். "லேசர் பண்ணிக்கிட்டேன் மாமா" என்று சொன்னாய். சரி, சொன்னாய், அதோடு விட்டாயா? கூடத்து ஜன்னலில் நின்றுகொண்டு தெருக்கோடியில் வந்த பஸ்ஸின் நம்பரைப் படித்தாய். எதிர்வீட்டு மாடிக் கொடியில் எத்தனை கிளிப் என்று எண்ணினாய். உன் அக்கா "வலிச்சுதாடா?" என்று கேட்க, "கொசு கடிச்ச அளவுக்குக் கூட இல்லக்கா, டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றாய். நான் உன் பின்னாலேயே நின்று கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், இருமினேன். புதுக் கண் வைத்திருக்கிற உனக்கு என் ஜாடை மட்டும் தெரியவில்லை. சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நீ ஊருக்குப் போய்விட்டாய். மாட்டிக்கொண்டவன் நான்.

மறுநாளே உன் அக்கா ஆரம்பித்துவிட்டாள். குக்கர் மூடியைத் திறந்தால் கண்ணாடியில் ஆவி படிகிறதாம். மழையில் நடந்தால் துடைத்துத் துடைத்துச் சேலைத் தலைப்பே ஈரமாகிறதாம். "இருபத்திரண்டு வருஷமா உங்க கடைக்கு நானே போர்டு. போர்டுக்கு ஒரு நாள் கூட லீவு கிடையாதா?" என்று கேட்டாள். மச்சான், இது அநியாயமான பேச்சு இல்லை என்று நீ நினைக்கலாம். ஆனால் என் கடையில் பாதி வியாபாரம் உன் அக்காவின் மூக்கின் மேல்தான் நடக்கிறது. வாரத்துக்கு ஒரு ஃப்ரேம் மாற்றிக்கொண்டு முன் நாற்காலியில் உட்காருவாள். வருகிற பெண்கள் அலமாரியைப் பார்க்கவே மாட்டார்கள், "அக்கா போட்டிருக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்பார்கள். அதை எடுத்துச் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியாக ஒன்று சொன்னாள்: "ஒரு நாளாவது கண்ணாடியைத் தேடாம எழுந்திரிக்கணுங்க." அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அவள் எங்கே தேடினாள்? தேடுகிறவன் நான். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலிருந்தே "என்னங்க, என் கண்ணாடி எங்க?" என்று ஒரு குரல் கொடுப்பாள். நான் எழுந்து, ஃப்ரிட்ஜ் மேல், ஜன்னல் விளிம்பில், மடித்த துணிக்கு நடுவில் என்று எங்கிருந்தாவது எடுத்துத் துடைத்துக் கையில் கொடுப்பேன். கல்யாணமானதிலிருந்து இதுதான் என் முதல் வேலை. மைனஸ் ஆறு பவர் என்றால் உனக்குத் தெரியும், எதிரில் நிற்பது நானா அலமாரியா என்றே தெரியாது. அந்த வேலையிலிருந்து என்னை நீக்கப்போகிறாள் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆனால் இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதனால் "ரிஸ்க்" என்று மட்டும் சொன்னேன். ஒற்றைக் காலில் நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

போகும்போது எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. கருவிழி மெல்லியதாக இருந்தால் லேசர் செய்ய மாட்டார்கள். அளந்து பார்த்த பெண், "அம்மாவுக்கு நல்ல கனம் சார், தாராளமா பண்ணலாம்" என்றாள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி உன் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரி, டாக்டரிடமே நேருக்கு நேர் பேசி முடித்துவிடலாம், தொழில் தெரிந்தவன் நாலு கேள்வி கேட்டால் திணறுவார் என்று உள்ளே போனேன். அங்கேதான் நான் கெட்டேன். அந்த டாக்டர் கண்ணாடி போட்டிருந்தார்! ஊரில் உள்ளவர்கள் மூக்கையெல்லாம் காலி செய்கிற மனிதர், தன் மூக்கில் தடியாக ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதுவாவது நேராக இருந்ததா? இடது பக்கம் தொங்குகிறது. பேசுகிறார், அது வழுக்குகிறது. ஏற்றிவிடுகிறார், மறுபடி வழுக்குகிறது. நான் கேட்க நினைத்த நாலு கேள்வியும் மறந்துபோயிற்று. "டாக்டர், ஒரு நிமிஷம் அதைக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். வாய்தான் சொன்னது, நான் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பார்த்தால், ஸ்க்ரூவின் மரையே தேய்ந்திருக்கிறது. பர்ஸில் எப்போதும் வைத்திருக்கிற டப்பியிலிருந்து புதுசு ஒன்றை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் ஸ்க்ரூவை வைக்க உதட்டைவிட்டால் வேறு இடம் கிடையாது. கீழே விழுந்தால் தரையைப் பெருக்கினாலும் கிடைக்காது. நான் குனிந்து பழையதைக் கழற்றுகிறேன், டாக்டர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார், எப்படிச் செய்வோம், அப்புறம் என்ன ஆகும், எதற்குத் தயாராக இருக்கணும் என்று. ஒவ்வொன்றுக்கும் "சரிதானே சார்?" என்று கேட்கிறார். வாயில் ஸ்க்ரூ இருக்கிறவன் என்ன சொல்ல முடியும்? "ம்ம்" என்றேன். இன்னொன்று சொன்னார், அதற்கும் "ம்ம்". வேலையை முடித்து நிமிர்ந்தபோது உன் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறாள். "என்ன இது?" என்றேன். "நீங்கதானே எல்லாத்துக்கும் தலையாட்டினீங்க?" என்றாள். டாக்டர் கண்ணாடியை மாட்டி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, "பிரமாதம் சார்" என்றார். அந்தப் பாராட்டை வைத்து நான் என்ன செய்வது?

ஆபரேஷன் அன்று என்னை வெளியே உட்கார வைத்தார்கள். வைத்தவர்கள் சும்மா விடக் கூடாதா? சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று சுவரில் ஒரு டி.வி. அதில் தட்டு அகலத்துக்கு உன் அக்காவின் கண். இமையை விரித்துக் கம்பி மாட்டியிருக்கிறது. நான் ஆயிரக்கணக்கான கண்களைப் பார்த்தவன்டா மச்சான், எனக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு. ஆனால் இது எனக்குத் தெரிந்த கண். இடது கண்ணில், கறுப்புக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு பழுப்புப் புள்ளி இருக்கும். உடைந்த கண்ணாடியோடு முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது, ஸ்கேலை மூக்கின் மேல் வைத்து அளக்கையில் நான் பார்த்த புள்ளி. அளவு தப்பிவிட்டது என்று பொய் சொல்லி இன்னொரு முறை அளந்தேன். அந்தப் புள்ளியைத் திரையில் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேன். ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தது வரைக்கும்தான் ஞாபகம். கண் விழித்தால் நான் ஒரு கட்டிலில் படுத்திருக்கிறேன், காலுக்கடியில் தலையணை, நர்ஸ் என் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறாள். பக்கத்தில், கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து தன் காலால் நடந்து வந்த உன் அக்கா, "இவருக்கு என்னங்க ஆச்சு?" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். ஆட்டோவில் ஏறும்போது அவள்தான் என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்தாள். அந்த ஆட்டோக்காரர், "சாருக்கு என்ன ஆபரேஷன்மா?" என்று கேட்டார். அதற்கு அவள் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். தூங்கும்போது போட ஒரு பிளாஸ்டிக் மூடி கொடுத்தார்கள். காதில் நிற்காது, மூக்கில் உட்காராது. நான் வளைத்துத் தருகிறேன் என்றால், "டாக்டர் குடுத்ததைத் தொடாதீங்க" என்கிறாள். என் வீட்டில் என் கண் முன்னால் ஒரு கோணல் மூடி! சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. கண்ணைத் திற என்றால் வாயைத் திறக்கிறாள். கண் தெளிந்த பிறகு அட்டகாசம் இன்னும் கூடிவிட்டது. ஃபேன் இறக்கையில் தூசி என்கிறாள், கடை ஷோகேஸில் கைரேகை என்கிறாள். தூரத்தில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்கிறவள், கிட்டத்தில் ஒரு வேலை செய்வதில்லை. விலைச் சீட்டைக் கொடுத்தால், "நீங்களே படிங்க" என்று திருப்பி நீட்டுகிறாள். கேஸ் புத்தகத்தை நீட்டுகிறாள், பால் பாக்கெட்டில் தேதியைப் பார்க்கச் சொல்லி நீட்டுகிறாள். முன்பெல்லாம் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு எறும்புக்கால் எழுத்தையும் படிப்பாள். இப்போது திமிர், வேறென்ன. இது போதாது என்று, வெறும் முகத்தோடு முன் நாற்காலியில் வந்து உட்காருகிறாள். "அக்கா, கண்ணாடி எங்க?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்கிறார்கள். இவள் மொத்தக் கதையையும் சொல்லி, டாக்டர் நம்பரையும் கொடுத்து அனுப்புகிறாள். என் கடையில் உட்கார்ந்துகொண்டு, என் பேனாவால்! நேற்று ஃப்ரேம் வாங்க வந்த தையல்காரம்மா லேசர் பண்ணிக்கொள்ளப் போய்விட்டார்.

இந்தக் களேபரத்தில் கடையில் திருட்டு வேறு. மெரூன் நிறத்தில் சின்னதாக ஒரு ஃப்ரேம், நானே விரும்பி வாங்கி, இதற்கு ஏற்ற முகம் வரட்டும் என்று தனியாக வைத்திருந்தது, ஆபரேஷனுக்கு முந்தின வாரத்திலிருந்து காணவில்லை. எனக்குச் சந்தேகம் 'சும்மா பார்ப்பவர்' மேல்தான். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, ரிட்டையர் ஆன வாத்தியார், வாரா வாரம் வந்து எல்லா ஃப்ரேமையும் போட்டுப் பார்த்துவிட்டு "சும்மா பார்த்தேன்" என்று போகிறவர். இப்போதெல்லாம் அவருக்கு நான் நாற்காலி போடுவதில்லை. உன் அக்கா, "பாவம், அவரை ஏன் முறைக்கிறீங்க?" என்கிறாள். அவளுக்கென்ன, போனது என் ஃப்ரேம்.

ஆனால் மச்சான், வியாபாரத்தைக் கூட விடு. காலையில் பழக்க தோஷத்தில் எழுந்து போய் ஃப்ரிட்ஜ் மேல் கையால் துழாவுகிறேன். உன் அக்கா எனக்கு முன்னாலேயே எழுந்து, பல் விளக்கி, பால் அடுப்பை அணைத்துவிட்டு, "என்ன தேடுறீங்க?" என்கிறாள். "ஒண்ணுமில்ல" என்கிறேன். தினமும் இதே கதை. எனக்கு அது கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்கு நல்லது நடந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குரல் இல்லாமல் எனக்குப் பொழுது விடியவே மாட்டேன் என்கிறது. இதற்கெல்லாம் காரணம் நீ. ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா. வந்து உன் அக்காவுக்குப் பதிலாக முன் நாற்காலியில், நான் சொல்கிற ஃப்ரேமைப் போட்டுக்கொண்டு உட்கார். இனி என் வீட்டில் யாரும் கண்ணாடி என்ற பேச்சை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் மகள் நன்றாகப் படித்து, நல்ல பார்வையோடு நீண்ட நாள் வாழட்டும், டி.வி.யைக் கிட்ட உட்கார்ந்து பார்க்காமல் இருக்கட்டும். உனக்கும் ஆசீர்வாதம், மனமில்லாமல்.

இப்படிக்கு,
வேலை போன உன் மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஒரு சங்கதி. இன்று மாலை உன் அக்கா மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கையை நீட்டினாள், இன்னும் நீட்டினாள், கை நீளம் போதாமல் ஜன்னல் பக்கம் போனாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளெழுத்து! நாற்பத்தாறு வயதில் தூரப் பார்வையைச் சரி செய்தால் கிட்டப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பாடம் நடத்துகிறவன் நான். சொந்த வீட்டில் மட்டும் திமிர் என்று நினைத்திருக்கிறேன். கேட்டால், "டாக்டர் அன்னிக்கே சொன்னாரே, நீங்க கூட ம்ம்னீங்களே" என்கிறாள். "வாயில ஸ்க்ரூ இருந்துச்சுடி!" என்றேன். "கண்ணு நிலைக்கட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னாரு. அதுக்குள்ள நீங்க யாருக்காவது வித்துடுவீங்கன்னு எடுத்து வெச்சேன்" என்று கைப்பையைத் திறந்து அந்த மெரூன் ஃப்ரேமை எடுத்து வைத்தாள். ஸ்கேலை எடுத்து அவள் மூக்கின் மேல் வைத்து அளந்தேன். அளவு தப்பிவிட்டது என்று சொல்லி இன்னொரு முறையும் அளந்தேன். "இப்ப எனக்கு நல்லாத் தெரியுது, நீங்க ஒழுங்காத்தான் அளந்தீங்க" என்றாள். நீ வரவேண்டாம். டாக்டர் நல்ல மனிதர். சும்மா பார்ப்பவருக்கு நாளைக்கு நாற்காலி போட வேண்டும். உனக்கும் நாற்பது வரும், அப்போது வா, அளவு எடுக்கிறேன்.

இன்னொன்று: ராத்திரியே லென்ஸ் தேய்த்து மாட்டிக் கொடுத்துவிட்டேன். இதை எழுதும்போது காலை. கூடத்திலிருந்து பேப்பரும் கையுமாக "என்னங்க, என் கண்ணாடி எங்க?" என்று குரல் வருகிறது. அவள் நெற்றிக்கு மேல்தான் இருக்கிறது. நான் இன்னும் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் தேடிக்கொண்டிருக்கிறேன்.